பாலங்களின் அதிர்வை எண்ணால் கண்ட வரலாறு



வீணையின் தந்தி ஒன்றைத் தெறித்தால் அது தனக்கென அமைந்த ஒரு சுருதியிலேயே ஒலிக்கிறது. மெல்லத் தெறித்தாலும் வன்மையாகத் தெறித்தாலும் ஓசையின் அளவு மாறுமேயன்றிச் சுருதி மாறுவதில்லை. ஊஞ்சலும் அவ்வாறே. அதனை எவர் ஆட்டினும் அது தனக்குரிய காலத்திலேயே சென்று திரும்புகிறது. அந்தக் காலத்தை அறிந்து தள்ளுகின்ற சிறுவன் விரல் நுனியாலேயே பெரிய ஊஞ்சலை உயரச் செலுத்திவிடுவான். பொருள்கள் தமக்குரிய வேகத்தில் அதிரும் இப்பண்பை இயல்பு அதிர்வு என்றும், ஒரு விநாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை இயல்பு அதிர்வெண் என்றும் விஞ்ஞானிகள் கூறுவர்.

தந்திக்கும் ஊஞ்சலுக்கும் மட்டுமன்று, பாலத்திற்கும் மாளிகைக்கும் கப்பலின் சுழல்தண்டிற்கும் விமானத்தின் சிறகிற்கும் இயல்பு அதிர்வெண்கள் உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒரு வடிவம் உண்டு. ஒன்றில் பாலம் முழுவதும் மேலும் கீழும் வளையும்; மற்றொன்றில் ஒரு பாதி மேலெழ மறுபாதி தாழும்; வேறொன்றில் பாலம் முறுக்கிக்கொள்ளும். புறத்திலிருந்து வரும் விசை இவற்றுள் ஒன்றோடு ஒத்துப்போகுமானால் சிறு விசையும் பேரழிவை விளைக்கக்கூடும். ஆகையால், கட்டுவதற்கு முன்னரே இவ்வெண்களைக் கணக்கிட்டு அறிய வேண்டும். அதனை அறிஞர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1831 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த பிராட்டன் என்னுமிடத்துத் தொங்கு பாலத்தின்மீது படைவீரர்கள் சிலர் அடியொத்து நடந்து சென்றனர். பாலம் தம் நடைக்கேற்ப ஆடுவதை உணர்ந்த அவர்கள் அதனை ஒரு வேடிக்கையாகக் கொண்டனராம். சற்று நேரத்தில் பாலம் இற்று வீழ்ந்தது. நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 1850 ஏப்ரல் 16 அன்று பிரான்சு நாட்டின் ஆன்ழே நகரில், புயற்காற்றினிடையே படையொன்று தொங்கு பாலத்தைக் கடந்தபோது பாலம் அறுந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின்மேல் அடியொத்து நடத்தலாகாது என்ற விதி படைகளில் வலுப்பெற்றதற்கு இத்தகைய விபத்துக்களே காரணம். ஆயினும் விதி ஒன்றை வகுப்பது வேறு, எந்த நடை எந்தப் பாலத்திற்குத் தீங்கு செய்யும் என்று எண்ணால் கூறுவது வேறு.

எண்ணால் கூறும் வழியைத் தெளிவாக்கியவருள் முதல்வர் இங்கிலாந்தின் ராலே பிரபு. 1872-ஆம் ஆண்டில், நோய் நீங்கி உடல் தேறும் பொருட்டு எகிப்துக்குச் சென்று நைல் நதியில் படகு வீட்டில் தங்கியிருந்தபோது, ஒலியியலைப் பற்றிய தம் பெருநூலை அவர் எழுதத் தொடங்கினார். 1877-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக அது வெளிவந்தது. அந்நூலில் விளங்கும் ஓர் எண்ணம் மிக எளியது. அதிரும் பொருள் தன் எல்லையில் ஒரு கணம் நிற்கும்போது, ஆற்றல் முழுவதும் வளைவில் அடங்கியுள்ளது. நடுநிலையைக் கடக்கும்போது, அதே ஆற்றல் முழுவதும் இயக்கமாக மாறியுள்ளது. இவ்விரண்டையும் சமப்படுத்தினால் அதிர்வெண் கிடைத்துவிடும். அதற்கு அதிர்வின் வடிவம் தெரிந்திருக்க வேண்டுமே எனில், வடிவத்தை ஊகித்தாலே போதும் என்பது ராலே கண்ட உண்மை. ஊகத்தில் சிறு பிழை இருந்தால் விடையில் மிகச் சிறு பிழையே நேரும். மேலும், இவ்வாறு கிடைக்கும் எண் உண்மையான மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஒருபோதும் குறையாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு உடன் வரலாம். ஒரு கம்பியை இரு முனைகளிலும் இழுத்துக் கட்டி, அதில் சம தூரத்தில் மூன்று சமமான குண்டுகளைக் கோத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு குண்டு விலகும்போது அதனை மீட்க முயலும் விசை, தக்க அலகுகளில், அக்குண்டின் விலகலைப் போல் இரு மடங்கிலிருந்து அதன் பக்கத்துக் குண்டுகளின் விலகல்களைக் கழித்தால் கிடைப்பதாகும். ஒவ்வொரு குண்டின் விலகலையும் அதன் மீட்பு விசையால் பெருக்கிக் கூட்டி, விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ராலேயின் எண் வரும். அதன் வர்க்கமூலமே அதிர்வின் வேகத்தைத் தருவது. மூன்று குண்டுகளும் 1, 1, 1 எனச் சமமாக விலகுவதாக ஊகித்தால், மீட்பு விசைகள் 1, 0, 1. ராலேயின் எண் 2-ஐ 3-ஆல் வகுத்தது, அதாவது 0.667. உண்மையான விடையோ 0.5858.

ஊகத்தை எவ்வாறு திருத்துவது? சூரிச் நகரின் பேராசிரியரும் நீராவி டர்பைன்களின் பேரறிஞருமான ஆரல் ஸ்டோடோலா, சுழலும் தண்டுகளின் அபாய வேகத்தைக் காண மேற்கொண்ட வழி இங்கே துணை செய்கிறது. ஊகித்த வடிவத்தையே பாரமாகக் கருதி, அப்பாரத்தின் கீழ்ப் பொருள் எவ்வாறு வளையும் என்று காண்பதே அவ்வழி. 1, 1, 1 என்ற பாரத்திற்கு நம் குண்டுகள் 3, 4, 3 என்ற விகிதத்தில் விலகும். இவ்வடிவத்திற்கு ராலேயின் எண் 20-ஐ 34-ஆல் வகுத்தது, அதாவது 0.588. மறுபடியும் 3, 4, 3 என்பதனைப் பாரமாக ஏற்றினால் விலகல்கள் 5, 7, 5 ஆகும். இப்போது ராலேயின் எண் 58-ஐ 99-ஆல் வகுத்தது, அதாவது 0.58586. இரண்டே படிகளில் விடை நான்காம் தசமத்தானம் வரை நெருங்கிவிட்டது. இன்று பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட பாலங்களுக்குக் கணிப்பொறிகள் செய்யும் வேலையின் கருவும் இதுவே.

ஸ்விட்சர்லாந்தின் சியோன் நகரில் 1878-இல் பிறந்த வால்டர் ரிட்ஸ் வேறொரு திசையில் ஒரு படி முன்னேறினார். ஒரு வடிவத்தை ஊகிப்பதற்குப் பதிலாக, பல வடிவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு கலந்தால் விடை மிகத் தாழ்ந்ததாகும் என்று காண்பது அவர் முறை. தகட்டின்மேல் மணலைத் தூவி விளிம்பில் வில்லால் வருடினால் மணல் அழகிய கோலங்களாக ஒதுங்குவதை, ஜெர்மானியரான கிளாட்னி 1787-இல் உலகுக்குக் காட்டியிருந்தார். அக்கோலங்களைச் சதுரத் தகட்டிற்குக் கணக்கால் வருவித்தவர் ரிட்ஸ். அவர் அதனை வெளியிட்டது 1909-ஆம் ஆண்டில். அதே ஆண்டில், காசநோயால், 31 வயதில் அவர் மறைந்தார். பொறியியல் உலகில் ராலேயின் பெயரோடு அவர் பெயரும் இன்றளவும் சேர்த்தே வழங்குகிறது.

கப்பல் எந்திரங்களின் நீண்ட தண்டுகள் முறுக்கதிர்வால் முறிந்து வந்த காலத்தில், ஹோல்ட்சர் என்பவர் 1921-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓர் அதிர்வெண்ணை ஊகித்து, தண்டின் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சக்கரமாகக் கணக்கை நடத்திச் சென்று, மறுமுனையில் மிச்சம் ஏதும் இல்லையென்றால் ஊகம் சரி என்பது அவர் முறை. மிச்சம் இருப்பின் வேறோர் எண்ணைக் கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் அதில் ஒரு சிறப்பு உண்டு. தண்டின் வழியே முறுக்கு எத்தனை முறை திசை மாறுகிறது என்று எண்ணினால், கிடைத்த அதிர்வெண் வரிசையில் எத்தனையாவது என்று தெரிந்துவிடும். அதனால் இடையில் ஒன்று விடுபட்டுப் போகாது. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

விடுபட்ட அதிர்வைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவின் டகோமா ஜலசந்திப் பாலம் நினைவுக்கு வராமற் போகாது. 1940 ஜூலை 1 அன்று அப்பாலம் திறக்கப்பட்டது. அதன் நடு இடைவெளி 2,800 அடி. அகலமோ 39 அடிதான். கட்டும் நாள் தொட்டே காற்றில் மேலும் கீழும் அசைந்ததால் ‘துள்ளும் கெர்ட்டி’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அந்த அசைவைப் பார்த்துப் பழகியவர்கள் அதனை அபாயம் என்று கருதவில்லை. நவம்பர் 7 அன்று காலையில், மணிக்கு ஏறத்தாழ 40 மைல் வேகத்தில் காற்று வீசியபோது, அதுவரை எவரும் அப்பாலத்தில் கண்டிராத ஓர் அசைவு தோன்றியது. பாலத்தின் நடுப்புள்ளி அசையாதிருக்க, ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி எதிர்ப்பக்கமுமாக முறுக்கிக்கொள்ளத் தொடங்கின. ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒரு முறை நிகழ்ந்த அம்முறுக்கம் வளர்ந்து வளர்ந்து, பகல் 11 மணியளவில் நடுப்பகுதி நீரில் வீழ்ந்தது. மனிதர் எவரும் மாளவில்லை. காரில் விடப்பட்ட ஒரு நாய் மட்டுமே மாண்டது.

காற்று 5 விநாடிக்கு ஒரு முறை தாளம் போட்டு வீசியதால் பாலம் வீழ்ந்தது என்று பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. பாலம் முறுக்கும்போது அதனைச் சுற்றிய காற்றோட்டம் மாறி, அம்முறுக்கத்திற்கே மேலும் ஊட்டம் அளித்தது. விமானச் சிறகுகளில் பொறியியலார் கண்டிருந்த படபடப்பு நோயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இந்நோயை முன்கூட்டி அறிய வேண்டுமாயின், முறுக்க வடிவங்கள் உட்பட அனைத்துத் தாழ்ந்த அதிர்வெண்களும் கையில் இருக்க வேண்டும். வளைவு அதிர்வை மட்டும் அறிந்தவனுக்கு முறுக்கத்தின் அபாயம் தெரியாது.

இனி, கணிதப் பேராசிரியர்கள் இவ்வேலையை எவ்வாறு நோக்கினர் என்று பார்ப்போம். ஒரு கட்டடத்தை ஆயிரம் புள்ளிகளால் குறித்தால், ஒவ்வொரு புள்ளியும் மற்றப் புள்ளிகளை எவ்வளவு பற்றியிருக்கிறது என்பதனை வரிசை வரிசையாக எழுதிய எண் சதுரம் ஒன்று கிடைக்கும். அதனை அணி என்பர். அவ்வணியின் ஐகன் மதிப்புகளே அதிர்வெண்களின் வர்க்கங்களோடு தொடர்புடையவை. இத்தகைய அணிகளுக்குக் கைக்கணக்கால் விடை காணும் வழியொன்றை ஜெர்மானியரான யாக்கோபி 1846-ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். அவர் எடுத்துக்கொண்டது பாலமன்று, வானம். ஏழு கிரகங்களின் பாதைகள் நெடுங்காலத்தில் அடையும் மாறுதலைக் காண ஏழு வரிசை கொண்ட அணியை அவர் ஆராய்ந்தார். மின்னணுக் கணிப்பொறி தோன்றிய பின்னர், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அம்முறை மீண்டும் உயிர்பெற்றது.

கணிப்பொறியின் வரவால் எல்லாம் எளிதாயிற்று என்று எண்ண வேண்டா. அணியின் வரிசைகள் இரு மடங்கானால், எல்லா ஐகன் மதிப்புகளையும் காணும் வேலை எட்டு மடங்காகிறது. 1961-ஆம் ஆண்டை ஒட்டி, லண்டனில் ஜான் பிரான்சிஸ் என்பவரும் லெனின்கிராடில் வேரா குப்லனோவ்ஸ்கயா என்னும் அம்மையாரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, எல்லா ஐகன் மதிப்புகளையும் ஒருங்கே தரும் ‘க்யூ ஆர்’ முறையைக் கண்டனர். பிரான்சிஸ் விரைவில் அத்துறையை விட்டு வேறு பணிக்குச் சென்றுவிட்டார். தம் முறை உலகெங்கும் பரவியதை, 2007-ஆம் ஆண்டில் அறிஞர்கள் தேடிச் சென்று கூறிய பின்னரே அவர் அறிந்தார். சிறு அணிகளுக்கு இன்றும் அதுவே சிறந்த மருந்து. ஆனால் ஒரு லட்சம் வரிசை கொண்ட அணியில் 1,000 கோடி இடங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பூஜ்யங்களே. எல்லாவற்றையும் நிரப்பிக் கணக்கிடுவது வீண் உழைப்பு. மேலும், பொறியியலாருக்கு ஒரு லட்சம் அதிர்வெண்களும் வேண்டியதில்லை. பெரும்பாலும் தாழ்ந்த சில பத்துக்களோ சில நூறுகளோ போதும்.

ஏன் தாழ்ந்தவை? 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரைத் தாக்கிய பூகம்பம் இதற்கு விடை கூறும். பழைய ஏரிப் படுகையின் மென்மையான களிமண்மீது அந்நகரின் ஒரு பகுதி அமைந்துள்ளது. அம்மண் ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒரு முறை அசைந்தது. சிறு வீடுகளின் இயல்பு அதிர்வு அதனினும் விரைவானது. ஆகவே பல பிழைத்தன. நடுத்தர உயரமுடைய மாடிக் கட்டடங்களே மிகுதியாக இடிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மண்ணின் அசைவும் கடலின் அலையும் காற்றின் வீச்சும் மெதுவானவை. கட்டடத்தின் மெதுவான அதிர்வுகளோடுதான் அவை கைகோக்கும்.

பேரணிகளில் தாழ்ந்த சிலவற்றை மட்டும் பறித்தெடுக்கும் கலைக்கு வித்திட்டவர் கொர்னேலியஸ் லான்சோஸ். ஹங்கேரியில் 1893-இல் பிறந்து, பெர்லினில் ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்து, அமெரிக்காவில் போயிங் விமான நிறுவனத்தில் சில காலம் பணியாற்றிய அவர், 1950-இல் தம் முறையை வெளியிட்டார். ஒரு வடிவத்தில் தொடங்கி, மீண்டும் மீண்டும் அணியால் பெருக்கி, கிடைக்கும் வடிவங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கிக்கொண்டே சென்றால், பேரணியின் சாரம் சிற்றணி ஒன்றில் இறங்கிவிடும். தாளில் இது குறையற்றது. கணிப்பொறியிலோ, தசமங்களை வெட்டிச் சுருக்குவதால் வடிவங்களின் செங்குத்துத் தன்மை கெட்டு, முன்பே கண்ட விடைகள் பேய் உருவங்கள்போல் மறுபடியும் மறுபடியும் தோன்றின. அதனால் பலர் இம்முறையைக் கைவிட்டனர். 1971-இல் கிறிஸ்டபர் பெய்ஜ் தம் ஆய்வுரையில், செங்குத்துத் தன்மை கெடுவது விடை கனிந்துவிட்டது என்பதன் அறிகுறியே என்று காட்டியபின் லான்சோஸ் முறை மறுவாழ்வு பெற்றது.

அதே காலத்தில் கட்டடப் பொறியியலாரும் வாளா இருக்கவில்லை. 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர், விமானச் சிறகு போன்ற சிக்கலான அமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்து அணியாக்கும் வழியை வெளியிட்டனர். 1960-இல் கிளஃப் அதற்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ முறை என்று பெயர் சூட்டினார். இவ்வழியால் பிறந்த பேரணிகளுக்காக, பெர்க்லியில் கிளாஸ்-யூர்கன் பாதே 1971-இல் ஒரு முறையை வகுத்தார். ஸ்டோடோலாவின் வழியை ஒரு வடிவத்திற்குப் பதிலாகப் பல வடிவங்களுக்கு ஒருங்கே நடத்தி, ஒவ்வொரு படியிலும் ரிட்ஸின் வழியில் அவற்றைக் கலந்து திருத்துவது அது. பழைய இரு ஆறுகள் இங்கே கூடின எனலாம்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கிடைத்த விடைகளுக்கிடையே ஒன்று விடுபட்டிருந்தால் எப்படித் தெரியும்? நம் மூன்று குண்டுகளையே பாருங்கள். 1, 1, 1 என்று இரு பக்கமும் சமமான வடிவத்தில் தொடங்கினோம். அப்படித் தொடங்கினால், எத்தனை படி சென்றாலும், இரு பக்கமும் எதிரெதிராக அசையும் வடிவம் கிட்டவே கிட்டாது. ஆனால் அது இருக்கிறது. அதன் ராலே எண் 2. டகோமாவில் நடுப்புள்ளி நிற்க இரு பாதிகளும் எதிரெதிராக முறுக்கியது நினைவிருக்கும். கணக்கில் அத்தகைய ஒன்று மறைந்து கிடப்பது எத்துணை அபாயம்!

இதற்கு மருந்து 1852-ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஆங்கிலக் கணித அறிஞர் சில்வெஸ்டர் ‘சடத்துவ விதி’ என்று பெயரிட்ட ஒரு தேற்றமே அது. சோதிக்க விரும்பும் எண்ணை அணியின் மூலைவிட்டத்தில் கழித்து, பள்ளியில் சமன்பாடுகளைத் தீர்ப்பதுபோல் படிப்படியாக நீக்கிச் சென்றால், மூலைவிட்டத்தில் வரும் குறை எண்கள் எத்தனையோ, அத்தனை ஐகன் மதிப்புகள் சோதனை எண்ணுக்குக் கீழே உள்ளன. நம் குண்டுகளுக்கு 1.5 என்று சோதித்தால் 0.5, −1.5, 1.17 என்று வரும். குறை எண் ஒன்று, ஆகவே 1.5-க்குக் கீழே இருப்பது ஒன்று. 2.5 என்று சோதித்தால் −0.5, 1.5, −1.17 என்று வரும். குறை எண் இரண்டு. எனவே 1.5-க்கும் 2.5-க்கும் இடையே ஒன்று ஒளிந்திருக்கிறது. விடையைக் காணாமலே, அது உண்டு என்பதனை அறிந்துவிட்டோம்! 1971-இல் விட்ரிக், வில்லியம்ஸ் என்ற இருவர் கட்டட அமைப்புகளுக்கென இத்தகைய எண்ணும் முறை ஒன்றை வகுத்தனர். பாதேயும் தம் விடைகளை இவ்வாறு சரிபார்க்கும்படி அறிவுறுத்தினார். 1980-இல் எரிக்சன், ரூஹே ஆகிய ஸ்வீடன் நாட்டவர், சோதனை எண்ணைக் கழித்து அணியைத் தலைகீழாக்கியபின் லான்சோஸ் முறையைச் செலுத்தும் வழியைத் தந்தனர். 1994-இல் கிரைம்ஸ், லூயிஸ், சைமன் என்ற மூவர் வெளியிட்ட முறையில் தேடுதலும் எண்ணிப் பார்த்தலும் ஒன்றாக இணைந்தன.

இவ்வளவு கற்றபின் பாலங்கள் ஆடுவது நின்றுவிட்டதா? 2000 ஜூன் 10 அன்று லண்டனில் தேம்ஸ் நதியின்மேல் மில்லெனியம் நடைபாலம் திறக்கப்பட்டது. முதல் நாளே மக்கள் கூட்டத்தில் பாலம் பக்கவாட்டில் ஆடியது. இரண்டு நாளில் மூடப்பட்டது. பொறியியலார் அதன் அதிர்வெண்களைக் கணக்கிடாமல் இல்லை. அடியொத்து நடக்காத மக்களும், பாலம் சற்று அசைந்தவுடன் கால்களை அகற்றி வைத்து, அந்த அசைவிற்கே ஏற்ப நடக்கத் தொடங்குவர் என்பதும், அதனால் அசைவு மேலும் வளரும் என்பதும் அவர்கள் கணக்கில் இடம்பெறவில்லை. அதிர்வை உறிஞ்சும் கருவிகள் பொருத்தப்பட்டு 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆகவே, மாணவ நண்பர்களே, அதிர்வெண்ணைக் காண்பது பாதி வேலையே. அதனை எது தூண்டும் என்று காற்றையும் மண்ணையும் மனிதரின் நடையையும் ஆராய்ந்து அறிவது மறுபாதி. கணிப்பொறி தரும் நூறு விடைகளை ஏற்றுக்கொள்வதற்கு முன், “எல்லாம் வந்தனவா? ஒன்று விடுபட்டதா?” என்று கேட்பவனே நல்ல பொறியியலான். இன்றிரவு மூன்று குண்டுகளின் கணக்கை 1, 0, −1 என்ற வடிவத்திலிருந்து தொடங்கிச் செய்து பாருங்கள். மறைந்திருந்த அதிர்வு உங்கள் தாளிலேயே வெளிப்படும்.